விபத்தும் வக்கீலும்

புதிதாகக் கொல்கத்தாவுக்கு வரும் தமிழ் மாணவர், வங்க மொழியில் நான்கு வார்த்தை பேச ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டு விடுகிறார். இந்நகரின் சாலையைக் கடக்கக் கற்பதற்கு அதைவிட அதிக நாளாகிறது. இங்குள்ள தனியார் பஸ்களில் பெரும்பாலானவற்றில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் நிலையான சம்பளம் கிடையாது. அன்றைய டிக்கெட் வசூலில் ஒரு பங்குதான் கூலி. ஆகையால் ஒரே தடத்தில் முன்னும் பின்னுமாக வரும் இரண்டு பஸ்கள், அடுத்த நிறுத்தத்தில் காத்திருக்கும் பயணிகளை யார் முதலில் அள்ளுவது என்று பந்தயம் ஓடுகின்றன. வங்காளிகள் இதற்கு ‘ரேஷாரேஷி’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். இந்தப் பந்தயத்தில் தோற்பது பஸ் அன்று. நடந்து போகிறவரும், இருசக்கர வண்டியில் போகிறவரும், பஸ்ஸின் படியிலிருந்து இறங்குகிறவருமே தோற்கிறார்கள்.

விபத்து நேராமலிருக்க என்ன செய்யவேண்டும் என்று சொல்லப் பலர் உண்டு. நேர்ந்த பின் என்ன செய்யவேண்டும் என்று சொல்வார் குறைவு. ஹௌராவிலிருந்து சென்னைக்கு ரயில் பாதையில் 1,600 கிலோமீட்டருக்கு மேல். பெற்றோர் வந்து சேர்வதற்குள், கட்டிலில் கிடக்கும் மாணவரிடமோ அவருடைய அறைத்தோழரிடமோ யாராவது ஒருவர் வந்து, “கேஸ் போட்டால் பெரிய தொகை வரும், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்று ஒரு காகிதத்தை நீட்டக்கூடும். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன் நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ‘நல்ல வக்கீல் யார்’ என்பது இங்கே முதல் கேள்வியன்று. ‘எந்த ஊரில் வழக்கு’ என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை கண்டபின் வக்கீலைத் தேடுவதுதான் முறை. ஏன் என்பதைப் பின்னர் காண்போம்.

சாலை விபத்தில் அடிபட்டவர் நஷ்டஈடு கேட்பதற்கென்று தனி மன்றம் நம் நாட்டில் உண்டு. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956-ல் செய்த திருத்தத்தின் மூலம் அது பிறந்தது. அதற்கு முன் அடிபட்டவர் சாதாரண சிவில் வழக்காகவே தொடுக்க வேண்டியிருந்தது. கேட்கும் தொகைக்கேற்ப முத்திரைக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. கால் முறிந்து வருமானம் நின்றவன் முதலில் பணம் கட்டிவிட்டுப் பிறகுதான் பணம் கேட்கலாம் என்ற நிலை அது! இன்று நடைமுறையிலுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்கீழ் மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் ஒரு மனுப் போட்டால் போதும். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இதை ‘எம்.சி.ஓ.பி.’ என்பார்கள், இங்கே ‘எம்.ஏ.சி. கேஸ்’ என்றால் தெரியும். இவ்வழக்குகளுக்கென்று பரீட்சை எழுதித் தேறிய தனிவகை வக்கீல் கிடையாது. சட்டம் படித்துப் பதிவு செய்தவர் யாரும் நடத்தலாம். ஆனால் அன்றாடம் இத்தீர்ப்பாயத்தில் நிற்பவர் வேறு, எப்போதாவது எட்டிப் பார்ப்பவர் வேறு.

வக்கீலைத் தேடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலைகள் சில உண்டு. இவற்றை நண்பர்களே செய்துவிடலாம்.

முதலாவது, வாகனத்தின் எண். அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால், உரிமையாளர் யார், இன்ஷூரன்ஸ் எந்தக் கம்பெனியில், அது உயிரோடிருக்கிறதா என்பதைப் போக்குவரத்துத் துறையின் பதிவேட்டிலிருந்து கண்டுபிடிக்க வழியுண்டு. இரண்டாவது, போலீஸ். இந்நகரத்துப் போலீஸ் நிலையத்தில் ‘ஜி.டி.’ என்று ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுவதுண்டு. அது பொது நாட்குறிப்பில் ஒரு பதிவு. முதல் தகவல் அறிக்கை அன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து கேட்கவேண்டும். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருக்கிறது. அறிக்கை வங்காளியில் இருக்கலாம். கையொப்பமிடுமுன் வங்காளி தெரிந்த வகுப்புத் தோழர் ஒருவரை உரக்கப் படித்து அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள். “பஸ் மோதியது” என்று நாம் சொல்ல, “பஸ்ஸிலிருந்து விழுந்தார்” என்று எழுதப்பட்டிருந்தால், அந்த ஒரு வினைச்சொல் பின்னால் வழக்கையே மாற்றிவிடும்.

மூன்றாவது, ஆஸ்பத்திரி. எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டு எழுதும் முதல் வரி மிக முக்கியமானது. ‘வழுக்கி விழுந்தார்’ என்று அவசரத்தில் சொல்லிவிட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் முதலில் தேடிப் பிடிப்பார். சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 7 நாட்களுக்கு ரூ. 1,50,000 வரை ரொக்கமின்றிச் சிகிச்சை தரும் திட்டத்தை மத்திய அரசு 2025 மே மாதத்தில் அறிவித்திருக்கிறது. சேர்க்கும்போதே இதைப் பற்றி ஆஸ்பத்திரியில் கேட்பது நலம். பில்கள், மருந்துச் சீட்டுகள், டாக்ஸிக்குக் கொடுத்த பணம், துணைக்கு இருந்தவர் வந்து போன ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

உயிர்ச்சேதம் அல்லது பெருங்காயம் நேர்ந்த விபத்துகளைக் கொல்கத்தாப் போலீஸில் லால்பஜாரைச் சேர்ந்த தனிப்பிரிவு ஒன்று விசாரிக்கிறது. அப்படி மாற்றப்பட்டால், உள்ளூர் நிலையத்துக்கு நடந்து பயனில்லை. காகிதம் எங்கே போயிற்று என்று கேட்டு அங்கேதான் போகவேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து வந்துள்ள விதிகளின்படி போலீஸார் 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய உரிமைகளை விளக்கும் படிவம் ஒன்றையும் தரவேண்டும். அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் வரும்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போய்விட்டால், அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டுத் திட்டப்படி மரணத்துக்கு ரூ. 2,00,000, கடுங்காயத்துக்கு ரூ. 50,000. இதற்குத் தீர்ப்பாயம் வேண்டாம். கோட்ட அதிகாரி அல்லது தாசில்தார் நிலையிலுள்ள விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பம் கொடுத்தால் போதும். வக்கீலும் வேண்டாம்.

இனி, எந்த ஊர் என்ற கேள்விக்கு வருவோம். விபத்து நடந்த இடம் கொல்கத்தாவாக இருந்தால் வழக்கும் கொல்கத்தாவில்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறு இல்லை. சட்டம் மூன்று வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயம், நஷ்டஈடு கேட்பவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துத் தீர்ப்பாயம், எதிர்வாதி வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயம் ஆகியவற்றுள் எதை வேண்டுமானாலும் அடிபட்டவர் தெரிந்துகொள்ளலாம். தெரிவு அவருடையது, இன்ஷூரன்ஸ் கம்பெனியினுடையது அன்று.

இதை நிலைநாட்டிய வழக்குகளில் ஒன்று இந்த மாநிலத்திலிருந்தே எழுந்தது. ஹூக்ளி மாவட்டத்தில் பஸ் மோதி இறந்த ஓர் இளம் ஆசிரியரின் தாய், கொல்கத்தாத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டார். தீர்ப்பாயம் நஷ்டஈடு வழங்கியது. இன்ஷூரன்ஸ் கம்பெனி மேல்முறையீடு செய்ய, கொல்கத்தாத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை என்று உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தாயின் பக்கம் நின்றது. கம்பெனிக்குக் கொல்கத்தாவில் அலுவலகம் இருக்கிறது, அது போதும். பாதிக்கப்பட்டவருக்கு உதவ வந்த சட்டத்தை எல்லைச் சண்டையால் குறுக்கக்கூடாது என்பது அதன் கருத்து. பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கிளை இல்லாத மாவட்டத் தலைநகர் அரிது என்பதை நினைத்துப் பார்த்தால், இத்தீர்ப்பு எவ்வளவு அகலமானது என்பது விளங்கும்.

மற்றொரு வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. சற்று முள்ளும் உடையது. வடவங்கத்தில் சிலிகுரிப் பக்கம் ஒரு விபத்து நடந்தது. நஷ்டஈடு கேட்டவர்கள் உத்தரப் பிரதேசத்தில் தாங்கள் வசிக்கும் பரூக்காபாத் மாவட்டத்திலேயே மனுப் போட்டார்கள். வாகன உரிமையாளர் அதை டார்ஜிலிங் மாவட்டத் தீர்ப்பாயத்துக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். சாட்சிகள் எல்லாரும் சிலிகுரிக்காரர்கள், அவர்களுக்கு மொழி இடையூறாக இருக்கும் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. 2023 ஜூலை 31-ல் நீதிபதி தீபாங்கர் தத்தா அதை மறுத்தார். வசிக்கும் ஊரில் மனுப் போடுவது உரிமை என்றார். அதுவரை சரி. ஆனால் இந்தி தேசிய மொழியாதலால் சாட்சிகள் இந்தியிலேயே சொல்லலாம் என்றும் அந்த உத்தரவு கூறிற்று. அரசியல் சட்டத்தின் 343-ஆம் விதி இந்தியை மத்திய அரசின் ஆட்சி மொழி என்கிறதேயன்றித் தேசிய மொழி என்று எங்கும் சொல்லவில்லை என்பதை நம் மாணவர்களுக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. அந்தச் சொற்றொடர் நமக்கு உவப்பாக இல்லாவிடினும், உத்தரவின் பயன் நமக்கு உண்டு. எந்த நியாயத்தால் அந்தக் குடும்பம் பரூக்காபாத்தில் வழக்கு நடத்திற்றோ, அதே நியாயத்தால் ஜாதவ்பூரில் அடிபட்ட மாணவரின் குடும்பம் திருநெல்வேலியில் நடத்தலாம். அம்மா தமிழில் சாட்சி சொல்லலாம்.

எனினும் ஊரிலேயே போடுவதுதான் எப்போதும் நல்லது என்று சொல்வதற்கில்லை. குற்றம் யார்மீது என்பதில் சச்சரவு இருக்குமானால், அதாவது ‘மாணவர்தான் சிக்னலை மீறி ஓடினார்’ என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடுமானால், நேரில் கண்ட சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி தேநீர்க் கடைக்காரராகவோ ஆட்டோ ஓட்டுநராகவோ இருப்பார். அவர் கிரண் சங்கர் ராய் சாலைக்கு ஒருநாள் வந்து போவார், திருநெல்வேலிக்கு வரமாட்டார். அப்படிப்பட்ட வழக்கைக் கொல்கத்தாவிலேயே நடத்துவது நலம். பஸ் ஓட்டுநர்மீது போலீஸாரே குற்றப்பத்திரிகை போட்டுவிட்டார்கள், மிச்சமிருப்பது காயம் எவ்வளவு, தொகை எவ்வளவு என்பதே என்றால், ஊரில் போடுவதே மேல். ஊனத்தின் அளவை மதிப்பிட அங்கேயே அரசு மருத்துவக் குழு இருக்கிறது. படிப்பு முடிந்து மாணவர் கொல்கத்தாவை விட்டுப் போனபின்னும் வழக்கு அநாதையாகாது. இரண்டு ஆண்டுப் படிப்புக்கு வந்தவர், அதைவிட நீண்டு போகக்கூடிய வழக்கை இங்கே தொடங்கிவிட்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் ஏறுவது எளிய காரியமன்று.

ஊர் முடிவாகிவிட்டால் வக்கீலைத் தேடும் இடமும் முடிவாகிவிடும். திருநெல்வேலித் தீர்ப்பாயத்துக்குக் கொல்கத்தா வக்கீல் எதற்கு? கொல்கத்தாவில் என்றால், நகரத்துக்குள் நடந்த விபத்துகளுக்குக் கிரண் சங்கர் ராய் சாலையிலுள்ள சிட்டி சிவில் நீதிமன்றம். பழைய கொல்கத்தாக்காரர்கள் அச்சாலையை இன்னும் ஹேஸ்டிங்ஸ் தெரு என்பார்கள். தென் பகுதிக்கு அலிப்பூர், உப்பு ஏரிப் பக்கத்துக்குப் பாராசாத், ஆற்றுக்கு அக்கரையில் ஹௌரா. வக்கீலைப் பார்க்கப் போகும்போது முதலில் எதிர்ப்படுகிறவர் ‘முஹுரி’, அதாவது நம்மூர் வக்கீல் குமாஸ்தா. நல்ல முஹுரி பாதி வக்கீலுக்குச் சமம். ஆனால் அவரிடமே பேச்சு முடிந்துவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மனுவை வாதாடப் போகிறவரை நேரில் பார்க்காமல் வக்காலத்தில் கையெழுத்து வேண்டாம்.

ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பவரைப் பற்றியும் சொல்லவேண்டும். வக்கீலுக்கு வழக்குப் பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறவரைத் தரகர் என்கிறது சட்டம். 1879-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இவர்களைப் பற்றிப் பேச்சு உண்டென்றால், தொழில் எவ்வளவு பழமையானது பாருங்கள்! 2023-ல் வழக்கறிஞர் சட்டத்தைத் திருத்தி, தரகர் பட்டியலில் பெயர் ஏறியபின்னும் தொழிலைத் தொடர்கிறவருக்கு மூன்று மாதம் வரை சிறை என்று வைத்திருக்கிறார்கள். விளம்பரமும் அப்படியே. நம் நாட்டு வக்கீல் தம் தொழிலை விளம்பரம் செய்யக்கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பலகைகளில் சிரிக்கும் வக்கீல்களைப் படங்களில் கண்டு, இங்கும் அப்படியே என்று நினைத்து, கைப்பேசியில் ‘சிறந்த விபத்து வக்கீல்’ என்று தேடுகிறோம். அங்கே நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்தி வக்கீல் சேவையை விற்கும் தளங்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கறிஞர் மன்றத்துக்கு உத்தரவிட்டது. அந்த நட்சத்திரங்களுக்கு இதற்குமேல் மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை.

பின் எப்படித்தான் தேடுவது? நம் பல்கலைக்கழகச் சட்டத் துறை ஆசிரியர்களை விசாரிக்கலாம். லேக் மார்க்கெட் வட்டாரத்தில் பல தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்கலாம். இவற்றைவிட நல்ல வழி, தீர்ப்பாயத்தில் ஒருநாள் காலை போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பது. நீதிமன்றம் திறந்த மன்றம், யாரும் தடுக்கமாட்டார்கள். காயமடைந்தவர்கள் தரப்பில் யார் எழுந்து நிற்கிறார்கள், டாக்டரைக் கூண்டிலேற்றி யார் பொறுமையாக விசாரிக்கிறார்கள், யார் ‘வாய்தா’ என்ற ஒரே சொல்லை மட்டும் பேசுகிறார்கள் என்பதெல்லாம் இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். வக்கீலைச் சந்திக்கும்போது, இப்போது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக ஆஜராகிறாரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

வசதியில்லாதவர்கள் சட்ட உதவியை மறக்கக்கூடாது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர் ஆகியோருக்கு வருமானம் எதுவாயினும் இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு. ஏனையோருக்கு வருமான வரம்பு உண்டு. நம் மாணவியர் எல்லாரும் இதற்கு உரியவர்கள் என்பதைப் பலர் அறியார். 15100 என்ற எண்ணில் தொலைபேசியில் கேட்கலாம்.

இனிக் கட்டணம். இதில்தான் மிகுதியாக ஏமாற்றம் நடக்கிறது. “இப்போது ஒன்றும் தரவேண்டாம்; வருகிற தொகையில் இத்தனை சதவீதம் கொடுங்கள் போதும்” என்று கேட்பது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் அதுதான் வழக்கம். இந்தியாவில் அது தடுக்கப்பட்டது. வழக்கின் முடிவைப் பொறுத்தோ, கிடைக்கும் தொகையில் பங்காகவோ வக்கீல் கட்டணம் பேசக்கூடாது என்பது வழக்கறிஞர் மன்ற விதி. விபத்தில் கணவரை இழந்த பெண்மணி ஒருவரிடம், நஷ்டஈட்டில் சதவீதக் கணக்குப் போட்டுக் கட்டணம் வாங்கிய வக்கீல், மேலும் பணம் வேண்டுமென்று காசோலையில் கையெழுத்து வாங்கினார். அது திரும்பியதும் அந்தப் பெண்மணிமீதே குற்ற வழக்குப் போட்டார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்து, இப்படிச் சதவீதம் கேட்பது தொழில் ஒழுக்கத்துக்கு முரண் என்று கூறியது. ஆயினும் சதவீதப் பேச்சு நாடு முழுவதும் நடக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கையில் பணமில்லாத ஏழைக்கு அதுவே ஒரே வழியாகவும் சில சமயம் இருக்கிறது. விதியை மட்டும் சொல்லி அவரை அனுப்பிவிடுவது நியாயமாகாது. ஆனால் நம்மவர் கேட்கவேண்டியது, இத்தனை ரூபாய், இந்தக் கட்டத்தில் இவ்வளவு என்று எண்ணாக எழுதிய கட்டணம். வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத காசோலையிலோ கையெழுத்து எந்நாளும் கூடாது.

வக்கீல் தம் வேலையை அறிந்தவரா என்பதைச் சோதிக்க, தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்று அவரையே கேளுங்கள். கணக்கு இதுதான்: ஆண்டு வருமானம், அதனோடு எதிர்கால உயர்வு, அதை வயதுக்குரிய பெருக்கெண்ணால் பெருக்கி, ஊனத்தால் இழந்த உழைப்புத் திறன் எத்தனை பங்கோ அத்தனை பங்கு. 2009-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி 15 முதல் 25 வயது வரை பெருக்கெண் 18. நிலையான வேலை இல்லாத 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால உயர்வு 40 சதவீதம் என்பது 2017-ல் வகுக்கப்பட்டது. மாணவருக்கு வருமானம் ஏது? படிப்பையும் எதிர்காலத்தையும் பார்த்து ஒரு தொகையை மன்றம் கற்பித்துக்கொள்ளும். மாதம் ரூ. 15,000 என்று கொண்டதாக வைப்போம். உயர்வு சேர்ந்து ரூ. 21,000. ஆண்டுக்கு ரூ. 2,52,000. பதினெட்டால் பெருக்க ரூ. 45,36,000. திறன் இழப்பு 10 சதவீதமென்றால் ரூ. 4,53,600, 30 சதவீதமென்றால் ரூ. 13,60,800. சிகிச்சைச் செலவு, இனி வரும் சிகிச்சை, வேதனைக்கு ஈடு ஆகியவை தனி.

இங்கேதான் வக்கீலின் திறமை வேண்டும். டாக்டர் சான்றிதழில் எழுதும் ஊனச் சதவீதமும், உழைக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இடது கையை இழந்தால் தச்சருக்குப் பிழைப்பே போய்விடும், எழுத்தருக்கு அப்படியன்று. ஆகவே அவருடைய படிப்பு என்ன, அந்தப் படிப்பு எந்த வேலைக்கு இட்டுச் செல்லும், அந்த வேலைக்கு இந்தக் கால் அல்லது கை எவ்வளவு தேவை என்று வக்கீல் கேட்டுத் துருவவேண்டும். நிலவியல் மாணவரின் முழங்காலும் கணித மாணவரின் முழங்காலும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே விலையுடையன அல்ல. மதிப்பெண் பட்டியல், பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், உதவித்தொகை உத்தரவு இவையெல்லாம் இவ்வழக்கில் ஆதாரங்கள். கேட்காத வக்கீல் கவனமில்லாதவர்.

கோவைப் பக்கத்து வழக்கு ஒன்றை இதற்குச் சான்றாகக் கூறலாம். 2017 ஜனவரியில் மோட்டார் சைக்கிளில் சென்ற பொறியியல் மாணவர் ஒருவர், நெடுஞ்சாலையில் முன்னே சென்ற கார் திடீரென நின்றதால் அதில் மோதி விழுந்தார். பின்னால் வந்த பஸ் அவர்மீது ஏறியது. இடது கால் போயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் மாணவர்மீது 30 சதவீதக் குற்றம் சுமத்தி, தீர்ப்பாயம் கொடுத்ததையும் குறைத்து, 58 இலட்சத்துச் சொச்சம் ஆக்கியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், முன்னறிவிப்பின்றி நெடுஞ்சாலையில் நிறுத்தியதே முதற் காரணம் என்று கொண்டு மாணவரின் பங்கை 20 சதவீதமாக்கி, ஏறக்குறைய 91 இலட்சம் ரூபாய் வழங்கியது. வேறுபாடு 30 இலட்சத்துக்கு மேல். உரிமம் இல்லாமை, போதிய தூரம் விடாமை போன்றவை எவ்வளவு பணத்தைத் தின்னும் என்பதற்கும் இதே வழக்கு சான்று.

நண்பர் வண்டியில் பின்னால் அமர்ந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேறு வண்டி வந்து மோதினால் அந்த வண்டியின் இன்ஷூரன்ஸில் கேட்கலாம். நண்பர் தாமே எதிலாவது மோதிவிட்டால், அவர் எடுத்திருப்பது மூன்றாம் நபர் பாலிசி மட்டுமாயின் பின்னால் இருந்தவருக்கு அதில் ஒன்றும் வராது. நம் விடுதிகளில் ஓடும் வண்டிகளில் இதைச் சோதித்துப் பார்ப்பது நலம்.

காலக்கெடுவையும் சொல்லிவிட வேண்டும். 1994-க்குப் பின் இம்மனுக்களுக்குக் காலவரம்பே இல்லாதிருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 6 மாத வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. அது 2022 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்து எழுந்த வழக்குகளில், தாமதம் என்பதற்காக மட்டும் மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. இடைக்கால உத்தரவை நம்பித் தூங்குவதற்கில்லை. பரீட்சை முடியட்டும் என்று ஒரு பருவத்தைத் தள்ளினாலே 6 மாதம் ஓடிவிடும்.

சமரசம் பேச வருகிறவர்களும் உண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் அதிகாரியை நியமித்து 30 நாட்களுக்குள் ஒரு தொகையைச் சொல்லவேண்டுமென்று சட்டமே கூறுகிறது. யார் குற்றம் என்று நிரூபிக்காமலே கடுங்காயத்துக்கு ரூ. 2,50,000 பெறும் 164-ஆம் பிரிவும் உண்டு. சிறு காயமானால் வாங்கிக்கொண்டு படிப்பைக் கவனிப்பதே புத்திசாலித்தனம். ஆனால் 164-ஆம் பிரிவுத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166-ன் கீழுள்ள மனு செத்துவிடும். லோக் அதாலத்தில் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு இல்லை. இரண்டாவது ஆபரேஷன் தேவையா என்று எலும்பு டாக்டர் இன்னும் சொல்லாதிருக்கும்போது கையொப்பமிடுவது அவசரம். நிரந்தர ஊனம் என்ன என்பது நிலைபெற்றபின் பேசலாம். அதுவரை மனு தீர்ப்பாயத்தில் இருக்கட்டும்.

தீர்ப்பானபின் பணம் வக்கீல் கைவழியே வரவேண்டும் என்பதில்லை. கேட்பவரின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செலுத்தும் முறையைத் தீர்ப்பாயங்கள் பின்பற்றவேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே மனுவோடு உங்கள் பெயரிலுள்ள கணக்கின் விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். விடுதியை விட்டுப் போனபின் மூடிவிடப் போகிற கணக்காக அது இருக்கவேண்டாம். தொகை போதாது என்று தோன்றினால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும். இங்கே போட்ட வழக்குக்குக் கல்கத்தா உயர் நீதிமன்றம். திருநெல்வேலியில் போட்டதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.